தடாகத்தைச் சுற்றி ஏழு பேர்

நீச்சல் தடாகம் வேண்டும் என்று நாங்கள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. வாங்கிய வீட்டோடு அது சேர்ந்து வந்துவிட்டது. சுவிஸில், பாடன் நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு கிராமத்தில், சரிவான காணியில் நிற்கும் பழைய வீடு அது. எனக்குப் பிடித்தது குசினியின் பெரிய ஜன்னல். என் கணவருக்குப் பிடித்தது நிலவறை. பின்வளவில் எட்டு மீற்றர் நீளத்தில் ஒரு நீலக் குழி இருந்ததை இருவரும் பார்த்தோம். பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. பிள்ளைகள் இருவருக்கும் தெரியும், ஆனால் அவர்கள் வேலை கிடைத்துத் தனியே போய்விட்டார்கள். கணவர் ஊரில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவர். அப்படியிருந்தும் ஏன் நீந்தத் தெரியாது என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"கடலுக்குப் பக்கத்திலை இருந்தனாங்கள். கடலுக்குள்ளை இருக்கேல்லை."

முதல் குளிர்காலம் முடிந்து மார்ச் மாதம் ஒரு காலை, தேநீர்க் கோப்பையோடு வளவைச் சுற்றிப் பார்க்கப் போனார். தடாகத்தைச் சுற்றிப் பதித்திருந்த சீமெந்துக் கற்களில் பாதி மேலே கிளம்பி நின்றன. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து, கற்களை அடியிலிருந்து தூக்கிவிட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. அவர் கால் தடுக்கி, மூடியிருந்த தடித்த தறப்பாளின் மேல் விழுந்தார். தறப்பாள் கிழியவில்லை, நடுவில் தொய்ந்துகொண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஏணையில் கிடத்திய பிள்ளைபோல் மல்லாந்து ஆடிக்கொண்டிருந்தார். கோப்பை கையில்தான் இருந்தது.

"இழும் என்னை!" என்றார்.

"தேத்தண்ணியை முதல் தாங்கோ."

இழுத்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. அவர் ஒரு பக்கம் ஊர்ந்தால் தறப்பாள் மறு பக்கம் சரிந்து அவரை நடுவுக்கே கொண்டுவந்தது. கடைசியில் உடுப்பு காயப்போடும் கயிற்றை அவிழ்த்து எறிந்து இழுத்தேன்.

அன்று மாலையே வின்டர்தூரில் இருக்கும் தன் தமையனுக்குத் தொலைபேசி எடுத்தார். தமையன் பல வருடங்கள் தெருப் போடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தெருவைப் பற்றிக் கதைக்க ஆளில்லாமல் வாடிக்கொண்டிருந்த மனிதர், அடுத்த சனிக்கிழமையே இரண்டு மண்வெட்டியோடு வந்து இறங்கினார். கற்களைக் கிளப்பிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ஆர் போட்டவங்கள் இதை? அடியிலை வெறும் களிமண். தண்ணி நிண்டால் ஐஸாகும். ஐஸானால் கல்லைத் தூக்கும். கல்லைத் தூக்கினால் உன்னைத் தூக்கும்."

"என்னைத் தூக்கேல்லை அண்ணை, விழுத்தினது."

"ரெண்டும் ஒண்டுதான்."

ஒரு மாதம் சனிக்கிழமைதோறும் வந்தார். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, சரளைக் கல் நிரப்பி, மழைத் தண்ணீர் தடாகத்தை விட்டு வெளியே ஓடும்படி சரிவு வைத்துக் கற்களைத் திரும்பவும் பதித்தார்கள். வேலை அருமையாக வந்தது. ஆனால் சுற்றிலும் புல் பூண்டு எதுவும் மிஞ்சவில்லை. குசினி ஜன்னலால் பார்த்தால் பின்வளவு பெற்றோல் நிலையம்போல் இருந்தது.

ஏதாவது நடவேண்டும் என்று செடிகள் விற்கும் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அங்கே வேலை செய்த பெண் கெட்டிக்காரி. குளிர் நாட்டில் தடாகத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று விரல் மடக்கிச் சொன்னாள். இலை கொட்டும் மரம் வேண்டாம், தண்ணீர் முழுக்கக் குப்பையாகும். முள்ளுள்ளது வேண்டாம், வெறுங்காலோடு நடக்கும் இடம். பனையைக் கேட்காதீர்கள், காடுகளுக்குள் பரவுகிறது என்று இப்போது விற்கத் தடை. லவெண்டர் வையுங்கள், உயரமாக வளரும் அலங்காரப் புல் வையுங்கள், பனியிலும் அழகாக இருக்கும் என்றாள்.

கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாட்டுக்குப் போடுறதை நான் தடாகத்தைச் சுத்தி நடுறதோ?"

அப்போதுதான் அவர் கண்ணில் வாழை பட்டது. மூலையில் தொட்டிகளில் இடுப்புயரத்துக்கு நின்றது. யப்பானிய இனமாம், கிழங்கு குளிரைத் தாங்குமாம், ஆனால் காய் தின்ன உதவாதாம். அந்தப் பெண் இதையெல்லாம் சொல்லி முடிக்க முன்னரே கணவர் ஒரு கன்றின் இலையைத் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் பிறந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. ஆறு எடுத்தால் ஒன்று சும்மா என்று அட்டையில் எழுதியிருந்தது. ஏழோடு வீட்டுக்கு வந்தோம். என் பிடிவாதத்துக்குக் கொஞ்சம் லவெண்டரும் ஒரு கட்டுப் புல்லும் வந்தன.

மே மாதம் நட்டவை ஓகஸ்ட்டில் கணவரின் தலையைத் தாண்டிவிட்டன. அவர் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து மூன்று மணிக்கு வருவார். சப்பாத்தைக் கழற்றாமலே பின்வளவுக்குப் போய் வாழைகளுக்கு நடுவில் கதிரை போட்டு உட்காருவார். தண்ணீர்ப் பக்கம் திரும்பவே மாட்டார். என் வேலை முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். பகல் முழுக்க விரிப்பு மடித்துவிட்டு வந்தால், வீட்டில் வாழையிலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிற மனிதரைப் பார்ப்பேன்.

நவம்பரில் பிரச்சினை தொடங்கியது. குளிர் வந்தால் தண்டை முழங்காலளவு விட்டு வெட்டி, மேலே சருகு குவித்து மூடவேண்டும் என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருந்தாள். கணவருக்கு வெட்ட மனம் வரவில்லை.

"வளத்ததை வெட்டுறதோ? இலையை மட்டும் எடுப்பம். தண்டு நிக்கட்டும்."

ஏழு தண்டுகளையும் ஆளுயரத்துக்கு விட்டு, வைக்கோல் வைத்துக் கட்டி, மேலே வெள்ளைத் துணி சுற்றினார். இரண்டு நாளில் காற்று அந்தத் துணியைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள் நான் வேலையால் வந்து பார்க்கிறேன், தண்டுகள் எல்லாம் குளிர் ஜக்கெற் போட்டு, சிப் இழுத்து, இடுப்பில் கயிறு கட்டி நிற்கின்றன. அவருடைய பழைய ஜக்கெற் மூன்று, தமையனுடையவை மூன்று. ஏழாவது என்னுடைய நீளக் கம்பளிக் கோட்டு. மழைத் தண்ணீர் தண்டின் உச்சிக்குள் இறங்காமல் தலைக்கு ஒரு வாளி கவிழ்த்திருந்தார். வாளி ஐந்துதான் கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் கம்பளித் தொப்பி.

"அது என்ரை நல்ல கோட்டு!"

"நீர் போன வருஷம் ஒரு நாளும் போடேல்லை."

"கலியாண வீட்டுக்குப் போடுறதுக்கு வைச்சிருந்தனான்."

"மார்கழியிலை ஆர் கலியாணம் வைக்கினம்?" என்று கேட்டுவிட்டு, கோட்டின் மேல் பொத்தானையும் பூட்டிவிட்டார்.

எங்களுக்கு வலது பக்கத்து வீட்டில் ஒரு சுவிஸ் அம்மா தனியே இருந்தார். எழுபது வயது தாண்டியவர், சுறுசுறுப்பானவர். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்தார். இந்தக் கிராமத்தில் வழியில் கண்டவருக்கு வணக்கம் சொல்லாமல் போனால் பெரிய மரியாதைக் குறைவு. அவர் தினமும் காலை குப்பையைப் போட வரும்போது எங்கள் வேலிப் பக்கம் திரும்பி, "எல்லோருக்கும் வணக்கம்!" என்று உரத்துச் சொல்வார். குசினியில் நிற்கும் எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஜன்னலுக்குள்ளிருந்து கையைக் காட்டுவேன்.

டிசம்பரில் ஒருநாள் தபால் பெட்டியடியில் என்னைக் கண்டு, "உங்கள் விருந்தினர்கள் மிகவும் கூச்சமானவர்கள்" என்றார்.

அதற்கு முந்தின ஞாயிறு கணவரின் தமையன் குடும்பம் வந்து போயிருந்தது. அவர்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஆமாம், அவர்களுக்கு ஜெர்மன் கொஞ்சம் கஷ்டம்" என்றேன். பாவம் என்று தலையசைத்தார்.

முதல் பெரிய பனி கொட்டிய நாளில் எங்கள் வாசல் மதிலின் மேல் ஒரு பெரிய சுடுபானப் போத்தலும் ஏழு கோப்பைகளும் இருந்தன. உள்ளே சூடான பார்லி சூப். பக்கத்து வீட்டம்மாவின் கோப்பைகள் என்று எனக்குத் தெரியும்.

"ஏன் ஏழு?" என்று கணவர் கேட்டார்.

"எங்கடை ஆக்களெண்டால் வீடு நிறைய இருப்பினம் எண்டு நினைச்சிருப்பா."

நாங்கள் இருவரும் ஆளுக்கு மூன்றரைக் கோப்பை குடித்தோம். நல்ல சூப். கோப்பைகளைக் கழுவி, கொஞ்சம் பயற்றம் பணியாரம் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லோரும் குடித்தார்களா?" என்று கேட்டார். எல்லாம் முடிந்தது என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சூப்புக்கு இவ்வளவா என்று நான் யோசித்தேன்.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. கணவர் போய்த் திறந்தார். எனக்கு அன்று விடுமுறை, குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நடப்பது அங்கிருந்து தெளிவாகக் கேட்கும். வந்தவர் கிராம அலுவலகத்து உத்தியோகத்தர். நாற்பது வயதிருக்கும், சைக்கிள் தொப்பியைக் கழற்றாமல், கையில் ஒரு படிவத்தோடு நின்றார்.

"தடாகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவை பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்றார்.

ஜெர்மன் மொழியில் ஆட்களானாலும் மரங்களானாலும் பன்மைக்கு ஒரே சொல்தான். எங்கள் ஊர்ப் பேச்சில் 'அவை' என்கிறோமே, அதுபோல. பனை விற்கத் தடை என்று கேட்ட நாளிலிருந்து, வாழையும் ஒருநாள் அந்தப் பட்டியலில் வந்துவிடும் என்ற பயம் கணவருக்குள் இருந்தது. அந்த நாள் வந்துவிட்டது என்றே அவர் நினைத்தார். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. குரல் மிகவும் பணிவாக மாறியது.

"எத்தனை?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"ஏழு."

"எப்போதிருந்து இங்கே?"

"மே மாதத்திலிருந்து."

"மூன்று மாதத்துக்கு மேலென்றால் பதிய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. வாங்கிய இடத்தில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை."

"வாங்கினீர்களா?"

"ஆறுதான் வாங்கினேன். ஒன்று சும்மா தந்தார்கள்."

பேனை காகிதத்தில் உரசும் சத்தம் நின்றது.

"பனிக்குள்ளும் வெளியில்தான் நிற்கின்றனவா?"

"வெளியில்தான். சைபருக்குக் கீழே பத்து வரை தாங்குமாம். வீட்டுக்குள் எடுத்தால் அழுகிவிடும்."

"சாப்பாடு?"

"குளிர்காலத்தில் ஒன்றும் கொடுக்கக்கூடாது. தண்ணீரும் இல்லை. மே மாதம் வந்ததும் மாட்டெரு போடுவேன்."

நான் மா குழைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் இது வாழை விசாரணை என்றுதான் தோன்றியது. இந்த நாட்டில் ஒரு செடிக்கு எவ்வளவு அக்கறை எடுக்கிறார்கள் என்று வியந்துகொண்டிருந்தேன். அடுத்த கேள்வி வந்தது.

"அவையிடம் பேப்பர்கள் ஏதாவது இருக்கின்றனவா?"

அந்த ஒரு சொல்லைக் கேட்டால், அகதியாய் வந்த எங்கள் தலைமுறைக்கு முதுகுத் தண்டு தானாக நிமிரும். வாழைக்கு யாரும் பேப்பர் கேட்கமாட்டார்கள். கணவர் அதற்குள் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"கழுத்தில் ஒரு அட்டை கட்டியிருந்தது. நான்தான் கழற்றி எறிந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

மாக் கையோடு வாசலுக்கு ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, அவர் ஆக்களைப் பற்றிக் கேக்கிறார்!"

"எந்த ஆக்கள்?"

"வாழையை ஆக்களெண்டு நினைச்சுப்போட்டார்!"

கணவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது, உத்தியோகத்தரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் ஜெர்மனில் விளங்கப்படுத்தப் பார்த்தேன், சிரிப்பு வந்து வாயை அடைத்துவிட்டது. சிரிக்கும் பெண்ணை அவர் இன்னும் பயத்தோடு பார்த்தார். வேறு வழியில்லாமல் கையால் காட்டிப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

ஏழு பேரும் பனிக்குள் வரிசையாக நின்றார்கள். தோளிலும் வாளியிலும் பனி ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னால், மங்கிய வெளிச்சத்தில் எனக்கே ஒரு கணம் ஆட்கள்போலத்தான் தெரிந்தார்கள். உத்தியோகத்தர் என் கம்பளிக் கோட்டுக்கு முன்னால் போய் நின்றார். "மன்னிக்கவும்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, மேல் பொத்தானைக் கழற்றி உள்ளே பார்த்தார். வைக்கோல் வெளியே தள்ளிக்கொண்டு வந்தது.

"வாழை" என்றார் கணவர்.

"வாழை" என்று அவரும் மெல்லச் சொன்னார்.

அவர் சிரிக்கவில்லை. பொத்தானைத் திரும்பப் பூட்டினார். படிவத்தில் எதையோ வெட்டி, எதையோ எழுதினார். முறைப்பாடு எதுவும் வரவில்லை, ஒரு நல்ல மனம் படைத்தவர் இங்கே ஏழு பேர் இருக்க இடமில்லாமல் குளிரில் நிற்கிறார்கள், அலுவலகம் உதவ முடியுமா என்று அழுதுகொண்டு கேட்டார் என்றார். எங்களுக்கு உடனே யாரென்று விளங்கியது. பிறகு சட்டைப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். வந்த வேலை வீணாகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு வாழைக்கும் வேலிக்கும் இடையில் அளந்தார். ஆறு சரி. கம்பளிக் கோட்டு போட்டது மட்டும் சட்டப்படி விடவேண்டிய தூரத்தைவிட ஒரு சாண் வேலிக்குக் கிட்ட நின்றது.

"இவரை நகர்த்த வேண்டும்" என்றார். அப்போதுதான் அவருடைய வாய் கொஞ்சம் கோணியது.

பக்கத்து வீட்டம்மா அன்று மாலையே முகம் சிவந்து, கரட் கேக்கோடு வந்தார். ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டு, "நான் அவர்கள் எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன்" என்றார். தினமும் வணக்கம் சொல்லியும் ஒருவரும் பதில் சொல்லாததால், என்ன துயரமோ என்று பல நாள் யோசித்திருக்கிறார். கணவர் அவருக்கு ஆறுதல் சொல்ல முயன்றார்.

"நீங்கள் கதைத்தது அவைக்கு நல்லதுதான். செடியோடு கதைத்தால் வளருமாம்."

ஏப்ரலில் கட்டுகளை அவிழ்த்தோம். தமையனும் வந்திருந்தார், தன் ஜக்கெற்றுகளை எடுத்துப்போக. முதல் ஜக்கெற்றின் சிப்பை இழுத்ததும் புளித்த கூழ் மணம் வந்தது. தண்டு உள்ளுக்குள் களியாகி, பிடித்த கையோடு வந்தது. ஏழில் ஐந்து அப்படித்தான். கணவர் போய்க் கையைக் கழுவினார். தமையன் ஜக்கெற்றை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் வேலியில் போட்டார்.

"செடி வித்த பிள்ளை அப்பவே வெட்டச் சொன்னதெல்லோ?" என்று கேட்டேன்.

"இப்ப அதைக் கதைக்காதையும்."

மே நடுவில் மண்ணுக்குள்ளிருந்து பச்சை ஊசிகள்போல் குருத்துகள் கிளம்பின. கிழங்குகள் சாகவில்லை. செத்ததாக நினைத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு, மூன்று குட்டிகள். கணவர் வேலைக்குப் போகும்போது எண்ணி, வந்ததும் எண்ணி, ஞாயிறுகளில் இரண்டு தடவை எண்ணினார். எல்லைக்கு அருகில் நின்றதை ஒரு மீற்றர் உள்ளே நகர்த்தினார்கள். இடைவெளியில் நான் வைத்த லவெண்டரும் புல்லும் யாரும் கவனிக்காமலே செழித்து, கல்லின் ஓரங்களை மூடிக்கொண்டன. கற்களில் ஒன்றுகூட அசையவில்லை. தமையன் வரும்போதெல்லாம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி நின்று பார்த்தார்.

ஜூலையில் பக்கத்து வீட்டம்மாவுக்குக் கண் நன்றாகிவிட்டது. நீந்துவதற்குத் தன்னைக் கூப்பிட முடியுமா என்று கேட்டார். அவர் சின்ன வயதில் ஏரியைக் குறுக்கே நீந்திக் கடந்தவராம். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு வருடமாகத் துப்புரவாக்கி, மருந்து போட்டு வைத்திருந்த தண்ணீரில் முதன்முதலில் இறங்கியவர் அவர்தான். தொப்பி போட்டு, மூக்கை நிமிர்த்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தார்.

அந்த வாரம் வின்டர்தூரிலிருந்து தமையன் குடும்பம் வந்தது. எல்லோரும் தடாகத்துக்கு முதுகு காட்டி, வாழைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்தார்கள். நான் சேலையில் நின்ற ஒரு படத்தை யாரோ குடும்பக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கனடாவிலிருந்து என் தங்கை காணொளி அழைப்பில் வந்தாள். முகம் உப்பியிருந்தது.

"அக்கா, ஊருக்குப் போறனெண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை என்ன?"

"நான் எங்கையடி போனன்? வீட்டிலைதான் நிக்கிறன்."

"பொய் சொல்லாதை. பின்னாலை வாழைத்தோட்டம் நிக்குது."

"அது என்ரை பின்வளவு. இஞ்சை பார்."

தொலைபேசியைத் திருப்பிச் சுற்றிக் காட்டினேன். வாழை, வாழை, சேலை கட்டியவர்கள், கதிரையில் சாரத்தோடு கணவர், பிறகு தடாகம். நடுவில் பக்கத்து வீட்டம்மா மல்லாந்து மிதந்துகொண்டு என் தங்கைக்குக் கை காட்டினார்.

தங்கை திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ஓ," என்றாள். "ஊரிலை ஹோட்டலும் கட்டிப்போட்டியள். வெள்ளைக்காரரும் வரத் தொடங்கியிட்டினம். அதையும் எனக்குச் சொல்லேல்லை."

தொலைபேசியைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனேன்.